பழைய ஸ்போர்ட்ஸ் செடானை வாங்கிப் பத்தாண்டு ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் செடான், அதாவது குடும்பக் காரின் உடலும் வேகக் காரின் எஞ்சினும் கொண்ட நான்கு கதவுக் கார், புதிதாக இருக்கும்போது கைக்கு எட்டாது. ஏழெட்டு வயதானதும் சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கு வந்துவிடும். இறங்கி வந்தது காரின் விலை மட்டும்தான். உதிரிபாகங்களின் விலை, மெக்கானிக்கின் கூலி, அது கேட்கும் ஆயிலின் தரம் எல்லாம் பழைய உயரத்திலேயே நிற்கும். யானையை மலிவாக வாங்கிவிடலாம், தீனி மலிவாகாது.

ஒன்பது ஆண்டுகளாக அப்படி ஒரு யானையைக் கட்டி வைத்திருக்கிறேன். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பின்சக்கர இயக்கம். வாங்கியபோது அதற்கு வயது எட்டு, ஓடியது 84,000 கிலோமீட்டர். இத்தனை ஆண்டுகளில் எஞ்சினுக்குள் இருக்கும் உலோகம் எதுவும் கெடவில்லை. விரிசல் விட்டது, கசிந்தது, நொறுங்கியது எல்லாம் அதைச் சுற்றியிருந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். இவ்வகைக் கார்களின் பானெட்டுக்கு அடியில் இடம் குறைவு, வெப்பம் அதிகம். எக்ஸாஸ்ட் வாயுவின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இருந்தால் இன்னும் அதிகம். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது. எத்தனை முறை சூடாகிக் குளிர்ந்தது, எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதுதான் அதற்குக் கணக்கு. ஆகவே, பன்னிரண்டு ஆண்டில் 40,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் 1,20,000 கிலோமீட்டர் ஓடி, காலத்தில் சர்வீஸ் பார்த்த கார் பல சமயம் அதைவிட உடல்நலத்தோடு இருக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான்.

படி 1: பின்பக்கப் பெயரை விட்டுவிட்டு எஞ்சின் குறியீட்டைப் பாருங்கள்

வெளித்தோற்றமும் இருக்கைகளும் ஒன்றாகவே உள்ள இரண்டு கார்களின் ஆயுள் வெவ்வேறாக இருக்கலாம். 2005-இல் வந்த லெக்சஸ் ஐ.எஸ். தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 250-இன் 2.5 லிட்டர் எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. காற்று உள்ளே வரும் வால்வுகளின் முதுகைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. ஆயில் ஆவி அங்கே படிந்து, வெந்து, கரியாக இறுகுகிறது. நாளடைவில் எஞ்சின் ஐடிலில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, தடுமாறத் தொடங்கும். ஐ.எஸ். 350-இன் 3.5 லிட்டர் எஞ்சினிலோ சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜெக்டரோடு வால்வுக்கு முன்னால் இன்னொரு இன்ஜெக்டரும் உண்டு. அது பெட்ரோலால் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. பெயரில் நூறுதான் வித்தியாசம்.

பி.எம்.டபிள்யூ 3 வரிசையிலும் இதே கதைதான். டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் என்52 எஞ்சின் நெடுநாள் உழைப்பது. அதன் பலவீனங்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தைச் சுழற்றும் மின்சார வாட்டர் பம்பும், இணைப்புகளில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டுகளும். அதன் இடத்துக்கு 2011-இல் வந்த நான்கு சிலிண்டர் என்20 எஞ்சினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலியான டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிப் பட்டைகள் உடையும் பிரச்சினை இருந்தது. 2015-இன் தொடக்கத்தில்தான் திருத்தப்பட்ட பாகம் வந்தது. 3 வரிசையின் உச்சப் பதிப்பான எம்3-இல், 2007 முதல் 2013 வரை வந்த வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினில் பிஸ்டன் தண்டுகள் சுழலும் இடத்தில் உள்ள கனெக்டிங் ராட் பேரிங்குகள் தேய்வது ஊரறிந்த சங்கதி. விவரமறிந்தவர்கள் கெடும்வரை காத்திராமல் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். இன்னும் பழைய, 1998-இல் வந்த இ46 தலைமுறையில், பின் அச்சைத் தாங்கும் சட்டம் பொருந்தும் இடத்தில் தரைத் தகடே விரிசல் விடும். அதைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

ஆடியின் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. எஞ்சினில், 2009-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வந்தவை பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிக்கும். மெர்சிடிஸின் எம்272 வி6 எஞ்சினில், முதல் சில ஆண்டுகளின் தயாரிப்புகளில், அதிர்வைக் குறைக்கும் தண்டான பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் தேய்ந்துபோகும். பாகம் சிறியதுதான்; அதை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பெயர் தெரிந்த கோளாறுக்குத் தீர்வும் தெரியும், செலவும் தெரியும். “அது மாற்றப்பட்டதா, பில் இருக்கிறதா?” என்று விற்பவரிடம் கேட்க ஒரு கேள்வியும் கிடைக்கிறது. என் சொந்தக் கருத்து: முதன்முறை வாங்குபவர் உச்சப் பதிப்பைத் தொடாமல், அதற்கு ஒரு படி கீழே உள்ளதை எடுப்பது நல்லது. வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கு கிடைக்கும், தலைவலி பாதிதான்.

படி 2: காகிதங்களையும் டயர்களையும் படியுங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் விழுந்த முத்திரைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. பில்கள் வேண்டும். தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயிலின் தரக் குறியீடு மூன்றும் பில்லில் இருக்கும். பல நிறுவனங்கள் 25,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டலாம் என்று சொல்லியிருந்த காலம் உண்டு. குத்தகைக்கு மூன்றாண்டு ஓட்டிவிட்டுத் திருப்பித் தருபவருக்கு அது போதும். மூன்றாவது கையாக வாங்கும் உங்களுக்குப் போதாது. பத்தாயிரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றியவரின் பில் கட்டைப் பார்த்தால், சற்றுக் கூடுதல் விலை கேட்டாலும் கொடுங்கள்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு சக்கரத்திலும் நான்கு கம்பெனி டயர், அதுவும் கிடைத்ததில் மலிவானது என்றால், அந்த உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் என்ன செய்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம். நான்கு சக்கர இயக்கம் உள்ள காரில் இது இன்னும் மோசம். டயர்களின் தேய்மானம் சமமாக இல்லாவிட்டால் சுற்றளவு மாறும். முன்னும் பின்னும் வலுவைப் பிரிக்கும் பெட்டி ஓயாமல் வழுக்கிச் சூடாகிக் கெடும். டயரின் உள்பக்க விளிம்பையும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இவ்வகைக் கார்களின் சக்கரங்கள் மேல்புறம் சற்று உள்ளே சாய்ந்து நிற்பதால் உள்விளிம்புதான் முதலில் மொட்டையாகும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு டயர் புதிதுபோலவே தெரியும்.

படி 3: குளிர்ந்த எஞ்சினோடு அரை மணி நேரம்

“நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, பானெட்டில் கை வைப்பது. சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார், அல்லது சொன்னதைக் காதில் வாங்காதவர். இரண்டுமே நல்ல செய்தி அல்ல.

டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் உச்சியில் உள்ள மூடியான வால்வு கவரின் ஓரம் முழுவதும் பாருங்கள். ஈரம் மின்னினால் கேஸ்கெட் கசிகிறது. அந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மீது சொட்டும்போதுதான், சிக்னலில் நிற்கையில் கருகிய வாடை வரும். ஆயில் ஃபில்டர் பொருந்தியிருக்கும் அலுமினியக் கூட்டின் அடியையும் பாருங்கள். பி.எம்.டபிள்யூவின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் இது கவனிக்க வேண்டிய இடம். அங்கே ஒரு சிறிய ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போய்க் கசிந்தால், ஆயில் நேராக முன்பக்க பெல்ட் மீது இறங்குகிறது. ஆயிலில் ஊறிய பெல்ட் கழன்று, எஞ்சினின் முதன்மைத் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் கிராங்க் ஷாஃப்ட் சீலுக்குள் நார்நாராகப் புகுந்து, எஞ்சினையே பாழாக்கிய நிகழ்வுகள் உண்டு. உள்ளங்கை அளவுகூட இல்லாத ரப்பர்த் துண்டு!

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் குழாய்களை விரலால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் அமுங்கித் திரும்பும். கெட்டது கல்போல இருக்கும், அல்லது ஊறிய ரொட்டிபோலக் கொழகொழவென்று இருக்கும். கூலன்ட் தொட்டி முதலில் பால் வெள்ளையாக இருந்து வயதாக ஆகப் பழுப்பேறும். மூட்டுகளில் மயிரிழை விரிசல் தெரிகிறதா பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்புறம் பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய படலம் என்றால் சரி. தார்போலக் கருமையாகத் திரண்டிருந்தால் அந்தக் கார் காலத்தில் ஆயில் மாற்றப்படாமல் வாழ்ந்திருக்கிறது; திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் எஞ்சின் பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று வினாடிகளில் சங்கிலியைத் தகரத்தில் உரசியதுபோல் ஒரு சடசடப்புக் கேட்டால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். புகைக்கும் பொருள் உண்டு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை குளிர் நேரத்தில் சில நிமிடம் வருவது வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு நீடித்தால் கூலன்ட் எரிகிறது.

ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியை மெல்லத் திருகித் தூக்குங்கள். இலேசாகப் பிடித்து விட்டால் இயல்பு. இரண்டு கையால் இழுக்க வேண்டிய அளவுக்கு உறிஞ்சினாலோ, எங்கிருந்தோ விசில் சத்தம் வந்தாலோ, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வின் சவ்வு கிழிந்திருக்கிறது.

படி 4: ஓட்டிப் பாருங்கள், பாட்டை அணைத்துவிட்டு

முதல் பத்து நிமிடம் மெதுவாக, கரடுமுரடான சாலையில். முன்பக்கத்தில் டொக்கென்று அடித்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கை அல்லது பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. பிறகு நல்ல சாலையில் நூறை ஒட்டிய வேகத்திலிருந்து நிதானமாக பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் எல்லோரும் டிஸ்க்கைத்தான் குறை சொல்வார்கள். பல சமயம் காரணம், முன் சஸ்பென்ஷன் கையின் பின்பக்கப் புஷ், அதாவது அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம். திரவம் நிரப்பிய அந்தப் புஷ் கிழிந்தால் கருப்பாக ஒழுகியிருக்கும்; காரைத் தூக்கினால் கண்ணுக்கே தெரியும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடான பிறகு இறங்கு கியரில் உதைக்கிறதா, ரிவர்ஸ் போட்டதும் ஒரு கணம் யோசிக்கிறதா என்று கவனியுங்கள். டர்போ காரில் மூன்றாவது கியரில் முழு அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். இழுவை சீராக ஏற வேண்டும், நடுவில் திக்கக்கூடாது.

படி 5: கணினியிடம் கேளுங்கள்

விரல் நீளக் கருவி ஒன்றைக் காரின் ஓ.பி.டி. துளையில் (காரின் கணினியோடு பேசும் துளை) செருகினால் பிழைக் குறியீடுகள் தெரியும். குறியீடு எதுவுமே இல்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதே திரையில் ‘சுயபரிசோதனைகள் முடிந்தனவா’ என்ற பகுதியைத் திறங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், பிழைகள் சற்று முன்புதான் அழிக்கப்பட்டிருக்கின்றன, அல்லது பேட்டரி கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. நான் பார்க்கப் போன முதல் காரில் ஏறக்குறைய எல்லாச் சோதனையும் முடியாமல் நின்றது. “நேற்றுதான் பேட்டரி மாற்றினேன்” என்றார் விற்றவர். பேட்டரி முனைகளில் பச்சை உப்புப் பூத்திருந்தது.

எரிபொருள் திருத்த அளவையும், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தையும், பாருங்கள். நீண்டகாலத் திருத்தம் கூட்டலில் பத்துச் சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கசிந்து உள்ளே புகுகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. பல கார்களில் ஓடிய கிலோமீட்டர் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிப் பெட்டிகளில் பதிவாகும். அந்த நிறுவனத்துக்கென்றே உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒப்பிட்டுச் சொல்வார். ஓடோமீட்டரில் கை வைத்தவர்கள் பல நேரம் மற்ற பெட்டிகளை மறந்துவிடுகிறார்கள்.

படி 6: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் உள்ள தொகை முழுவதையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். அது முதலாண்டுக்கு, தேவைப்படுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

படி 7: முதல் மாதத்தில் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்

திரவங்களையும் தேயும் பாகங்களையும் மாற்றிக் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் இந்தப் படியை நான் பாதியில் விட்டேன். ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. “வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், ஒரு லட்சத்தை நெருங்குகிறது” என்றார் மெக்கானிக். மின்சாரப் பம்ப், அப்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பாகத்தை எதற்குக் கழற்றுவது என்று தள்ளிப்போட்டேன். ஐந்தாவது மாதம் ஒரு மழை இரவில், மேம்பாலத்தின் உச்சியில் சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தது. முனகல், கசிவு, முன்னெச்சரிக்கை எதுவும் இல்லை. மின்சாரப் பம்ப் அப்படித்தான் சாகும். எரிந்த கணமே எஞ்சினை அணைத்து, சரிவில் உருட்டி ஓரங்கட்டியதால் சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் தப்பியது. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டியிருந்தால் அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். காரின் விலையில் பாதி போயிருக்கும்.

ஆகவே குளிர்விக்கும் அமைப்பை ஒரே கொத்தாகப் பாருங்கள். பம்ப், வெப்பத்துக்கேற்பக் கூலன்ட்டைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், கூலன்ட் தொட்டி, மேல் கீழ்க் குழாய்கள், புதுக் கூலன்ட். எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லாத பாகம் எதுவோ அதை மாற்றாத பாகமாகவே கொள்ளுங்கள்.

ஆயிலில் பிராண்டு முக்கியமல்ல, உங்கள் எஞ்சினுக்கு நிறுவனம் குறிப்பிட்ட தரக் குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்பதே முக்கியம். ‘5டபிள்யூ-30’ என்ற தடிமன் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஒரே தடிமன் கொண்ட இரண்டு ஆயில்கள் வெவ்வேறு தரத்தில் இருக்கும். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளைப் பிரித்து வெயிலில் பாருங்கள். மினுக்கும் துகள்கள் நிறைய இருந்தால் பேரிங் பேசுகிறது.

கியர்பாக்ஸ் ஆயில் ‘வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்று கார் கையேடு சொல்லும். யாருடைய வாழ்நாள் என்று சொல்லாது. பல ஸ்போர்ட்ஸ் செடான்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஆயிலில் மூழ்கிய ஈர கிளட்ச் கொண்ட ஆறு கியர் டி.எஸ்.ஜி. எனும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டர்தான் கெடு. பின்சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் ஆயிலையும் அதோடு மாற்றிவிடுங்கள். எல்லோரும் மறப்பது அதுதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை உண்டு. ஈரம் ஏறியபின் 155-க்கு இறங்கிவிடலாம். மலைச் சரிவில் வேகமாக இறங்கும்போது பெடல் பஞ்சுபோல அமுங்குவதற்கு இதுவே பெருங்காரணம்.

படி 8: நாட்காட்டி வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என் கணக்கு இது. எஞ்சின் ஆயில் 8,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வந்தாலும். பிரேக் ஆயில் இரண்டாண்டு. ஸ்பார்க் பிளக், டர்போ எஞ்சினில் 50,000. டர்போ இல்லாததில் இன்னும் தாங்கும். கூலன்ட் நான்காண்டு. நேரடி இன்ஜெக்ஷன் மட்டும் உள்ள எஞ்சின் என்றால், ஐடில் தடுமாறும்போது வால்நட் (அக்ரூட்) ஓட்டுத் தூளைப் பீய்ச்சி வால்வுக் கரியை எடுக்கச் சொல்லுங்கள். பெட்ரோலில் ஊற்றும் திரவங்கள் அந்த வால்வை எட்டவே எட்டாது. சஸ்பென்ஷன் புஷ்களை ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும், கூடவே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டும்.

இரண்டு பெட்ரோல் நிரப்புக்கு ஒரு முறை ஆயில் அளவைப் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஆயில் அளவுக் கம்பியான டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில்தான் தெரியும். அதற்காகப் பார்க்காமல் விட முடியாது. பேட்டரி மாற்றினால் பல ஐரோப்பியக் கார்களில் அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கிழட்டுப் பேட்டரிக்கு ஏற்றும் கணக்கிலேயே புதியதற்கும் மின்னேற்றிச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

படி 9: ஓட்டும் விதம்

கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். ஆயில் அந்த வெப்பத்தை எட்ட ஏறக்குறைய இன்னொரு மடங்கு நேரம் பிடிக்கும். அதுவரை நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டாதீர்கள். சூடானபின் வாரம் ஒரு முறையாவது சிவப்புக் கோட்டின் அருகே கொண்டுபோங்கள். இந்த எஞ்சின்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துவதுதான் இவற்றுக்குக் கொடுமை. ஆயிலில் பெட்ரோலும் நீரும் சேரும், வெளியேற வழி இருக்காது. உங்கள் அன்றாடப் பயணம் அவ்வளவுதான் என்றால் வேறு கார் வாங்குங்கள், மனக்கசப்பு இராது.

வலுவைக் கூட்டக் கணினியில் மாற்றம் செய்வது பற்றிக் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் முதலாண்டில் வேண்டாம். எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவதற்குள் அதன் மேல் கூடுதல் பாரம் ஏற்றினால், பிறகு வரும் கோளாறு பழையதா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே மாற்றம் செய்த காரை நான் வாங்குவதில்லை.

படி 10: எப்போது விடுவது

ஒரு பழுதுக்கான செலவு காரின் விலையைத் தொட்டால் விற்றுவிடு என்பது பலருடைய கணக்கு. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு விழுந்துகொண்டே இருப்பதால், அந்தக் கணக்கின்படி எல்லாக் காரையும் என்றோ ஒரு நாள் ஒரு செட் டயருக்காக விற்க வேண்டிவரும். நான் வேறு இரண்டைப் பார்க்கிறேன். கீழ்த் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுகிறதா? தேவையான பாகம் தயாரிப்பிலிருந்தே நின்றுவிட்டதா? இரண்டுக்கும் இல்லை என்றே பதில் வரும்வரை வைத்துக்கொள்கிறேன்.

நோட்டுப் புத்தகத்தில் இன்றைய கிலோமீட்டர் 1,91,600. அடுத்த மாதத்துக்கு எழுதி வைத்திருப்பது ஒரே வரி: வாட்டர் பம்ப், இரண்டாவது முறை. பழைய பம்ப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.